மாற்றாத சுண்ணாம்பு

செத்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது பெரிய வித்தையில்லை. மெல்பேணில் எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கிற நினைவு மலர்களில் பத்தைப் புரட்டிப் பார்த்தவர், பதினோராவதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார். முதலில் பிள்ளையார், பிறகு தேவாரம், திதி வெண்பா, வம்சாவழி, இடையில் ஒரு நண்பரின் பக்கம். அந்த நண்பர் சிரித்த முகத்தையும் உதவும் கரத்தையும் காலன் கவர்ந்ததையும் கலந்து வைத்தால் காரியம் முடிந்தது. சனம் சாப்பிட்டுவிட்டு மலரை வாங்கிக்கொண்டு போய் மேசை லாச்சிக்குள் போட்டு வைக்கும். வாசிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. அப்படியிருந்தும் கீர்த்தனனுக்கு அந்த ஒரு பக்கம் நாலு நாளாக வரவில்லை.

சச்சிதானந்தன் செத்து அன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். பின்னேரம் ஐந்து மணிக்குள் எழுத்துப் போய்ச் சேர்ந்தால்தான் ஸ்பிரிங்வேல் அச்சகத்துக்காரர் முந்நூறு பிரதி அடித்துத் தருவார். செத்தவரின் மனைவி நிரூபா காலையிலேயே தொலைபேசி எடுத்துவிட்டாள். "கீர்த்தி, நீர் எழுதினால்தான் சரி. கடைசியாக் கூட நிண்டது நீர்தானே," என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கீர்த்தனன் ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போகாமல், வெள்ளைத்தாளுக்கு முன்னால் மதியம்வரை குந்தியிருந்தான்.

அவனுக்குத் துக்கம் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே வரவில்லை என்பதுதான் சரி. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால், கன்னம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி ஒரு மாதம். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், குளித்தான். செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கும்போதும், பாரம் எந்தத் தோளில் கூட என்றுதான் யோசித்தான்.

இரண்டு பேரும் ஒன்பது வருடக் கூட்டாளிகள். சச்சிதானந்தன் ரயில் சிக்னல் பொறியியலாளர், நாற்பத்தொன்பது வயது. கீர்த்தனன் ஏழு வயது இளையவன்; ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து இயந்திரங்களைப் பார்க்கிற தொழில்நுட்பவியலாளன். இவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு, தண்ணீருக்கு அடியில் இருக்கிற குகைக்குள் நீந்திப் போவது. மெல்பேணிலிருந்து ஐந்து மணித்தியாலம் கார் ஓடினால் மவுண்ட் கம்பியர். அங்கே சுண்ணாம்புக்கல் நிலத்தைத் தண்ணீர் அரித்து, ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே கிடங்கு கிடங்காகத் திறந்து விட்டிருக்கிறது. அடியிலிருந்து ஊற்று வரும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, மேலே மிதக்கிறவரின் நிழல் முப்பது மீற்றர் கீழே தரையில் விழும். கிடங்கின் பக்கச் சுவரில் குகை வாய். அதற்குள் போனால் வெளிச்சம் இல்லை, மேலே வரவும் வழியில்லை, வந்த வழியால்தான் திரும்ப வேண்டும்.

எங்கள் சனத்துக்கு இது விளங்குகிற விஷயமா என்ன. "கடலாலை தப்பி வந்த ஆக்கள் கிடங்குக்குள்ளை போய் இறங்குதுகள்," என்று செத்தவீட்டிலேயே ஒரு அங்கிள் சொன்னார். கீர்த்தனனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

அவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போவது சும்மா காற்றுச் சிலிண்டர் இல்லை. ரீபிரீதர் என்கிற சாமான். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வைக்கும். விடுகிற மூச்சில் இருக்கும் கரியமில வாயுவை ஒரு டப்பாவுக்குள் அடைத்த சுண்ணாம்புக் குறுணி உறிஞ்சி எடுக்க, குறைந்த ஒட்சிசனைக் கருவி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுக்கும். குமிழி இல்லை, சத்தம் இல்லை, மணிக்கணக்காகக் கீழே நிற்கலாம். வெற்றிலைக்குப் போடுகிறதை முதுகில் கட்டிக்கொண்டு போகிறார் என்று நிரூபா முந்தி எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சுண்ணாம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் குளிர்த் தண்ணீரில் மூன்றரை மணித்தியாலம். அதற்கு மேலே போனால் விட்ட நஞ்சையே திரும்பக் குடிக்க வேண்டியதுதான்.

பொலிஸ் சச்சியின் கருவியைக் கொண்டுபோய்ச் சோதித்தது. சுண்ணாம்பு முழுதாகச் செத்துப்போயிருந்தது. டப்பாவில் ஒட்டியிருந்த நாடாவில் அவருடைய கையெழுத்திலேயே, சனிக்கிழமை மூன்றே கால் மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. புதுச் சுண்ணாம்பு வாளி வண்டியின் பின்பக்கத்தில், சீல் உடைக்காமல் இருந்தது. இவ்வளவும் நிரூபாவுக்குச் சொல்லப்பட்டது. இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்ட அவளுக்கு ஆரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"பஞ்சி, வெறும் சோம்பல்," என்றாள், எட்டாம் நாள் எட்டுச் செலவு அன்றைக்கு. கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றவள், ஆரும் கேட்காமலே சொன்னாள். "மாத்த வேணுமெண்டு தெரியும். தன்ரை கையாலை எழுதியும் வைச்சிருக்கிறார். சாமானும் பின்னுக்குக் கிடக்கு. பஞ்சியிலை செத்துப்போன மனிசன். பதினாறு வயசிலை ஒரு பிள்ளை இருக்கெண்டு நினைச்சவரோ?"

அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் கட்டிப்பிடித்தபோது மரம் மாதிரி நின்றாள். சாமான் பட்டியல் போட்டாள், ஐயருக்குத் தொலைபேசி அடித்தாள், மண்டபம் பிடித்தாள். புருஷன் மேல் இருந்த கோபம் அவளை நேராக நிமிர்த்தி வைத்திருந்தது. வந்தவர்கள் வீட்டுக்குப் போய், நல்ல மனிசன்தான், ஆனால் கொஞ்சம் அசட்டை என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட எழுதி வைக்காமல் தண்ணீருக்குள் இறங்காதவரை, ஊர் ஒரு மாதத்தில் அசட்டைக்காரன் ஆக்கிவிட்டது.

அது பொய் என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பண்ணைக்காரர் கேற்றைத் திறந்துவிட்டார். பதினொன்றரைக்குப் பூட்டிவிடுவார், அடுத்த கூட்டம் வந்துவிடும். சச்சி வண்டியின் பின்கதவைத் திறந்து, புது வாளியை இறக்கிப் புல்லில் வைத்தார். கருவியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"இது மூண்டே கால் மணித்தியாலம் ஓடிட்டுது. மாத்திப்போட்டு வாறன். நீர் உம்மடை உடுப்பைப் போடும்," என்றார்.

கொட்டி, புதிது நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, காற்றுக் கசிகிறதா என்று திரும்பவும் சோதிக்க முக்கால் மணித்தியாலம் போகும். கீர்த்தனன் தன்னுடையதை முதல்நாள் பின்னேரமே மாற்றிவிட்டிருந்தான். அன்றைக்கு ஆறு மணிக்கு மெல்பேணில் அவன் மனைவி தர்ஷனாவின் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். தர்ஷனா காலையிலேயே இரண்டு தகவல் போட்டிருந்தாள். கீர்த்தனன் குனிந்து, டப்பாவின் சல்லடை மூடிக்கூடாகப் பார்த்தான். குறுணி பால் வெள்ளையாக இருந்தது.

"வெள்ளையாத்தானே அண்ணை கிடக்கு. ஒரு துண்டும் ஊதாவாகேல்லை. ஏன் மினக்கெடுறியள்?"

"வெள்ளை எண்டால் பிரச்சினை இல்லையோ?"

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற சாமான் அண்ணை."

சச்சி டப்பாவை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "அப்ப சரி. உம்மடை தொழில், நீர் சொன்னால் சரிதான்," என்று அதைத் திரும்பக் கருவிக்குள் பூட்டினார். அவர் பூட்டிக்கொண்டிருக்க, கீர்த்தனன் வாளியைத் தூக்கி வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

மயக்க மருந்து இயந்திரத்திலும் இதே சுண்ணாம்புதான். நோயாளி விடுகிற மூச்சை அது சுத்தம் செய்யும். களைக்கக் களைக்க வெள்ளைக் குறுணி ஊதாவாக மாறும். நிறம் மாறுகிற வகையை வாங்கச் சொல்லிச் சச்சிக்குச் சொன்னதும் கீர்த்தனன்தான். ஆனால் அந்த நிறத்துக்கு ஒரு கள்ளக் குணம் உண்டு. ஊதாவான குறுணியை ஓர் இரவு சும்மா விட்டால் விடியத் திரும்பவும் வெள்ளையாகிவிடும். சத்து மட்டும் திரும்பாது. பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் கீர்த்தனன் முதல் நாளே சொல்வான், நிறத்தைப் பாக்காதை, திகதியைப் பார் என்று. ஊருக்குத்தான் உபதேசம். பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் இயந்திரத்தைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பான். வெள்ளை என்றால் தலை தானாக ஆடும். அங்கே கண் பிழைத்தாலும் இயந்திரம் நோயாளியின் மூச்சை அளந்து கூக்குரல் போடும். பண்ணைப் புல்லில் அப்படி ஒன்றும் இல்லை. கண் மட்டும்தான் இருந்தது. அதற்கும் பிறந்தநாளுக்குப் போகிற அவசரம்.

இறங்கி முப்பத்தைந்தாவது நிமிடம், குகைக்குள் எழுபது மீற்றர் தூரத்தில் சச்சியின் வெளிச்சம் ஆடத் தொடங்கியது. கீர்த்தனன் கிட்டப் போனான். முகக்கண்ணாடிக்குள் அவருடைய கண் பெரிதாக இருந்தது. நெஞ்சு ஓடி வந்தவரைப் போல ஏறி இறங்கியது. இருவரிடமும் ஆபத்துக்கென்று வேறு சிலிண்டர் இருந்தது. அதன் வாய்க்குழாயைக் கீர்த்தனன் அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு இதைக் கடித்தால் போதும், ஒரு கண நேரம். ஆனால் அந்த நஞ்சு ஏறியவரால் அந்த ஒரு கணம் மூச்சை நிறுத்த முடியாது. வாயில் இருப்பதை விட்டால் செத்துவிடுவோம் என்று உடம்பு நம்பும். சச்சி பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கீர்த்தனன் இழுத்துப் பார்த்தான். அவர் அவனைத் தள்ளிவிட்டு மேலே போனார். மேலே கல். அவர் கல்லில் முட்டிக்கொண்டு நின்றபோது கீழே கிளம்பிய சேறு இரண்டு பேரையும் மூடியது. அது தெளிய முதலே அவர் அடங்கிவிட்டார். பிடித்துக்கொண்டு வெளியே வர இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது.

கரையில் ஒரு சார்ஜன்ட் அவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டுக் கேட்டார். கருவியைத் தயார் செய்தது ஆர்? அவரேதான். சுண்ணாம்பை எப்போது மாற்றினார்? கீர்த்தனன் தெரியாது என்றான்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் முதலில் வந்தது அதுதான். அடுத்த நாள் திருத்தியிருக்கலாம், அதற்கடுத்த நாளும். சார்ஜன்டின் இலக்கம் தொலைபேசியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் போக, அந்த ஒரு சொல் சுவர் வைத்துக் கூரை போட்டு வீடாகிவிட்டது. தர்ஷனாவுக்குக்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகலாம், வழக்கு வரலாம் என்றெல்லாம் காரணம் இருந்தது. ஆனால் உண்மை என்னவென்றால் அவன் அவற்றை நினைத்துப் பயப்படவும் இல்லை. மரத்துப்போய் இருந்தான், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு ஒருவழியாக எழுதி முடித்தான். சிரித்த முகம், உதவும் கரம், காலன். எடுத்துக்கொண்டு நிரூபாவின் வீட்டுக்குப் போனான்.

குசினியில் சாப்பாட்டு மேசையில் மகள் வினுஷா மடிக்கணினியில் மலரை அடுக்கிக்கொண்டிருந்தாள். தமிழ் பேசினால் விளங்கும், எழுத்து ஓடாது. தாய் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டினாள். நிரூபா தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்தாள். நாலாவது வரியில் நின்றாள்.

"எதிர்பாராத விபத்து எண்டு போட்டிருக்கிறீர்."

"ஓம் அக்கா."

"அதை வெட்டும்." பேனையை எடுத்து நீட்டினாள். "விபத்தெண்டால் தானா வாறது. இவர் எழுதி வைச்சுப்போட்டெல்லே போனவர். முந்நூறு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கவோ? சும்மா காலமானார் எண்டு போடும், போதும்."

கீர்த்தனன் பேனையை வாங்கினான். வினுஷா திரையிலிருந்து தலையை எடுக்காமல் அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அப்பாவுக்கு அன்றைக்கு அலுப்பாக இருந்ததா, அவ்வளவுதானா? அம்மா சொல்கிறது சரிதானா? நீங்கள் அங்கே நின்றீர்கள்தானே, உங்களுக்குத் தெரியும்தானே?

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொண்டால் அதை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கொண்டுபோகலாம் என்கிற மாதிரிக் கேட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதை நம்பியிருக்கும், எழுபது வயதிலும் நம்பியிருக்கும்.

"அண்ணை மாத்த வெளிக்கிட்டவர்," என்றான் கீர்த்தனன்.

நிரூபா கண்ணாடியைக் கழற்றினாள். "என்னத்தை?"

"சுண்ணாம்பை. வாளியை இறக்கி வைச்சவர். டப்பாவையும் கழட்டிக் கையிலை எடுத்தவர். நான்தான் தேவையில்லை எண்டனான்."

"வாளி வண்டிக்குள்ளை கிடந்ததெண்டெல்லோ பொலிஸ் சொன்னது."

"நான் திருப்பி ஏத்தி வைச்சனான்."

"ஏன்?"

"வெள்ளையாக் கிடந்தது. ஒரு நாள் விட்டால் அது திரும்ப வெள்ளையாகும். எனக்கு அது தெரியும் அக்கா. தெரிஞ்சும் சொன்னனான். பின்னேரம் ஒரு பிறந்தநாளுக்குப் போக இருந்தது."

"பிறந்தநாளுக்கு," என்றாள் நிரூபா.

"ஓம்."

"அவர் என்ன சொன்னவர்?"

"நீர் சொன்னால் சரிதான் எண்டவர்."

குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. வினுஷா கையை மடிக்கணினியில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் நெஞ்சு இலேசாகும் என்று சனம் சொல்லும். கீர்த்தனனுக்கு ஒன்றும் இலேசாகவில்லை.

"இறக்கி வைச்சவரோ?" நிரூபா திரும்பவும் கேட்டாள். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் அவளுக்குக் கேட்டிருந்தது போலிருந்தது.

"ஓம் அக்கா. புல்லிலை."

"கையிலை எடுத்தவரோ?"

"எடுத்தவர்."

"இருபத்தெட்டு நாளா நான் அந்த மனிசனைத் திட்டிக்கொண்டு இருக்கிறன்," என்றாள். "படத்துக்கு விளக்குக் கொளுத்தேக்கையும் திட்டினனான். நீர் இந்தக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீர். சோறும் போட்டனான்."

அவன் பேனையை மேசையில் வைத்தான்.

அவள் மேசையில் கிடந்த அவனுடைய தொலைபேசியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "பொலிசுக்குச் சொல்லும். இஞ்சை இருந்து, இப்பவே. இவளுக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லும். அதுக்குப் பிறகு எழும்பிப் போம். முப்பத்தொண்டுக்கு வரவேண்டாம்."

கீர்த்தனன் இலக்கத்தைத் தேடி எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தினான். நாலாவது மணியில் சார்ஜன்ட் எடுத்தார். கீர்த்தனன் தன் பெயரைச் சொன்னான், எந்த விசாரணை என்று சொன்னான், நான் முன்பு சொன்னது பொய், திருத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். வேலையிடத்தில் இயந்திரத்தின் பழுதை அறிக்கையிடுகிற அதே குரல்தான் வந்தது. சச்சிதானந்தன் சுண்ணாம்பை மாற்ற ஆயத்தம் செய்தார், வாளியை வெளியே எடுத்தார், நான் தடுத்தேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்க, நிரூபா மேசை விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தரையில் குந்தினாள். அவளுடைய வாயிலிருந்து முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, "என்ரை ராசா, நான் என்னெல்லாம் சொல்லிப்போட்டன்," என்று சத்தம் வந்தது. வினுஷா கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள்.

சார்ஜன்ட் அவனை இடைமறித்தார். அங்கே ஆருக்காவது அடிபட்டிருக்கிறதா, அம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"இல்லை," என்றான் கீர்த்தனன். "அது அவருடைய மனைவி. இப்போதுதான் அழுகிறார்."

சார்ஜன்ட், சரி, வாளியை வண்டிக்குள் வைத்தது ஆர், அதிலிருந்து சொல்லுங்கள் என்றார்.